நீலகிரி கூடலூர் தொகுதி: கட்சி வேட்பாளரா, நம்ம ஊர் அக்காவா?

இந்தச் சட்டமன்றத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று எங்கள் வீட்டில் இரண்டு வாரமாகப் பேச்சு. அப்பா பெரிய கட்சி வேட்பாளர் பக்கம். நான், ஓவேலிப் பக்கம் கவுன்சிலராக இருந்துவிட்டு இப்போது சுயேச்சையாக நிற்கும் அக்காவின் பக்கம். பூத் வேலைக்குப் பேரும் கொடுத்துவிட்டேன். அதனால் இதை நடுநிலை என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

கட்சிக்காரரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கண் மங்கிய பாட்டிக்கும் அந்தச் சின்னம் தெரியும். சுயேச்சைக்கு வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கும். அதைச் சேரம்பாடியிலிருந்து தேவர்சோலை வரை ஒவ்வொரு லயனுக்கும், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புக்கும், கொண்டுபோக வேண்டும். வேட்புமனுவில் முன்மொழியக் கட்சிக்காரருக்கு 1 ஆள் போதும், சுயேச்சைக்கு 10 பேர் வேண்டும். செலவுக்கு ஆணையம் 40 லட்சம் வரை அனுமதிக்கிறது. அக்காவிடம் இருப்பது ஒரு வாடகை ஜீப். தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, அது யார் ஜெயித்தாலும் ஒன்றுதான். பச்சைத் தேயிலை விலை பற்றி இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசுகிறார்கள். தேயிலை வாரியம் மத்திய அரசிடம் இருப்பதால் அதில் எம்எல்ஏவால் ஓரளவுதான் முடியும்.

நான் முடிவெடுத்தது ஒரே விஷயத்தை வைத்து: பிரிவு 17 நிலம்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கேரளத்து நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் கையில் பரம்பரை உரிமையாக இருந்த ஜென்ம நிலங்களை அரசு எடுத்துக்கொள்ள 1969இல் ஒரு சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 1974இல். அதன் 17ஆம் பிரிவு, கோவிலகம் குத்தகைக்கு விட்டிருந்த தோட்ட நிலங்களைப் பற்றியது. எஸ்டேட்டுகள் வழக்குக்குப் போயின. சட்டங்களை நீதிமன்ற வழக்கிலிருந்து காக்க அரசியலமைப்பில் சேர்த்த ஒன்பதாம் அட்டவணை பற்றி 2007இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் சொன்ன பெரிய தீர்ப்பு கிளம்பியதே இந்தக் கூடலூர் சட்டத்திலிருந்துதான். இத்தனை வருஷமும் அந்த நிலத்தில் குடியிருப்பவர்களுக்குப் பட்டா இல்லை.

எங்கள் தாத்தா 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் சிலோனிலிருந்து வந்தவர். அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்தார். ஓய்வு பெற்றதும் லயன் வீட்டை விட வேண்டியிருந்தது. கையில் இருந்ததைக் கொடுத்து அரை ஏக்கர் வாங்கினார். அது பிரிவு 17 நிலம். வீடு இருக்கிறது, மின் இணைப்பு இல்லை. மூன்று முறை மனு கொடுத்தோம். மூன்று முறையும் தடையின்மைச் சான்று கேட்டுத் திருப்பினார்கள். தங்கச்சி பிளஸ் டூ படித்தது சோலார் விளக்கில். ஆடி மழையில் அது ராத்திரி எட்டு மணிக்கு மேல் தாங்காது. அப்புறம் மெழுகுவர்த்திதான்.

கட்சி வேட்பாளர் கூட்டத்தில் சொன்னது: "ஆட்சிக்கு வந்ததும் எல்லோருக்கும் பட்டா." அப்பாவின் வாதமும் இதை ஒட்டியதுதான். ஆளும் கட்சி எம்எல்ஏ என்றால் தலைமைச் செயலகத்தில் கதவு திறக்கும் என்கிறார். அதில் உண்மை இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியது அரசுதானே. ஆனால் 1969க்கு அப்புறம் இங்கே ஆளும் கட்சி எம்எல்ஏக்களும் இருந்திருக்கிறார்கள். நிலம் அப்படியேதான் கிடக்கிறது.

அக்கா பேசியதைத் தேவர்சோலையில் ஒரு டீக்கடை வாசலில் கேட்டேன். நாற்பது பேர் இருப்போம். வன உரிமைச் சட்டத்தில் பட்டா வாங்கித் தாங்க என்று ஒரு பெரியவர் கேட்டார். அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அந்தச் சட்டத்துல பணியர், காட்டுநாயக்கர் மாதிரி ஆதிவாசி சனங்களுக்கு உரிமை இருக்கு. மத்தவங்க 2005 டிசம்பருக்கு முன்னால 75 வருஷம், மூணு தலைமுறை காட்டணும். நாம வந்ததே 64க்கு அப்புறம். அதுல வாங்கித் தர்றேன்னு சொன்னா உங்களை ஏமாத்துற மாதிரி. நமக்கு வழி இந்த 69 சட்டத்துலதான் இருக்கு, அதைத்தான் நான் கேக்கப் போறேன்."

இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன். ஓட்டு போகும் என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாரே. அதோடு, ஆதிவாசிகளுக்குக் கொடுத்தால் உங்களுக்குக் கிடைக்காது என்று மூட்டிவிட்டு ஓட்டு வாங்குவது இங்கே சுலபம். அவர் பணியர் காலனியில் உட்கார்ந்து அவர்கள் மனுவையும் எழுதிக் கொடுக்கிறார், எங்களுடையதையும் எழுதுகிறார். முற்போக்கு என்று நான் சொல்வது இதைத்தான்.

அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு மனுவுக்கும் சர்வே எண், கொடுத்த தேதி, எந்த அலுவலகம் என்று ஒரு வரி. பதில் கடிதம் வந்தால் அந்தப் பக்கத்திலேயே ஒட்டிவிடுவார். சட்டமன்றத்தில் கேள்வி நேரம் இருக்கிறது, மனுக்கள் குழு இருக்கிறது, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க உறுதிமொழிக் குழுவும் இருக்கிறது. அங்கே வேண்டியது இந்த மாதிரி நோட்டு வைத்திருக்கிற ஆள்.

ஜெயித்ததும் கட்சி மாறிவிடுவார் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. சுயேச்சையாக ஜெயித்தவர் பிறகு ஒரு கட்சியில் சேர்ந்தால் கட்சித் தாவல் சட்டப்படி பதவி போய்விடும். கட்சி எம்எல்ஏவுக்கோ, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவிக்கு ஆபத்து. நிலம் பற்றி அவையில் ஓட்டெடுப்பு வந்து, கட்சி வேறு மாதிரி முடிவெடுத்தால் அவர் கை கட்டப்பட்டிருக்கும்.

அக்காவிடம் எனக்குக் குறையே தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். அவையில் பேச நேரம் கட்சி பலத்தைப் பார்த்துத்தான் ஒதுக்குகிறார்கள். தனி ஆளுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். நான் பார்த்தது அவருடைய கவுன்சிலர் வேலையை மட்டும். தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, லயன் கழிப்பறை எல்லாம் நன்றாகச் செய்தார். அமைச்சரை எதிரில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. யானை விஷயத்தில் அவர் சொல்வதும் எனக்கு இன்னும் தெளிவாகப் புரியவில்லை. பதிவான செல்லும் ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வராவிட்டால் டெபாசிட்டும் போகும், அது நடக்கலாம்.

அப்பா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நேற்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்து, தாத்தா வாங்கிய கிரயச் சீட்டையும் எங்கள் மூன்று மனுக்களின் நகலையும் எடுத்து என்னிடம் கொடுத்தார். காலையில் கொண்டுபோனேன். அக்கா சர்வே எண்ணை இரண்டு முறை வாசித்துச் சரிபார்த்துவிட்டு நோட்டில் புது வரி போட்டார்.