ஐடில் வால்வு: கழுவுவதா, மாற்றுவதா?

சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் கியரைக் குறைக்கக் கிளட்சை மிதித்த நொடியில் எங்கள் பழைய பெட்ரோல் காரின் இன்ஜின் நின்றுவிட்டது. கோளாறு, ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோதும் இன்ஜின் நிற்காமல் ஓடத் தேவையான காற்றை அளந்து விடும் ஐடில் கண்ட்ரோல் வால்வில் என்று தெரிந்ததும், அதைக் கழுவிப் பூட்டுவதா, மலிவான மாற்றுச் சாமானைப் போடுவதா, ஒரிஜினலையே வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. இறுதியில் ஒரிஜினலை வாங்கினேன். அதுவே சரி என்று கருதுகிறேன்.

கழுவுவதற்குச் செலவு குறைவு. காற்று வழியைத் திறந்து மூடும் வால்வின் கூம்பு முனையிலும் அது அமரும் துளையிலும் கரி படிந்தது மட்டுமே குறை என்றால், த்ராட்டில் பாடி கிளீனரும் மெல்லிய துணியும் போதும். முனையை நகர்த்தும் சிறு மோட்டாருக்குள் திரவம் இறங்காமலும், முனையைக் கையால் அழுத்தாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். ஏசி ஓட, சேலம் அஸ்தம்பட்டி நெரிசலில் நின்றபோதும் இன்ஜின் சீராக இருந்தது. மூன்று வாரம் கழித்து மலைக்குப் போனபோது பழைய தொல்லை திரும்பியது.

காரணம் வால்வின் அமைப்பிலேயே இருக்கிறது. எங்கள் காரில் உள்ளது, முனையைப் படிப்படியாக நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் வகை. இத்தனை படி திற என்று இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ கட்டளையிடுகிறதே தவிர, முனை உண்மையில் எங்கே நிற்கிறது என்று திருப்பிச் சொல்லும் சென்சார் வால்வில் இல்லை. உள்ளே தேய்ந்த திருகு சில படிகளைத் தவறவிட்டால், ஈசியூ நினைக்கும் இடம் ஒன்றாகவும் முனை நிற்கும் இடம் வேறாகவும் ஆகிவிடுகிறது. கழுவினால் கரி போகும், தேய்மானம் போகாது. சமவெளியில் இந்தச் சிறு பிழை மறைந்துவிடும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அதே எடைக் காற்றை உள்ளே விட வால்வு இன்னும் அகலமாகத் திறந்தாக வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் கிளட்சை மிதித்ததும் சரியும் ஆர்பிஎம்மைத் தாங்கிப் பிடிப்பதும் இதே வால்வின் வேலைதான். இறக்கத்தில் இன்ஜின் நின்றால், பிரேக் மிதியை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்கே வரும். பிறகு பெடல் கல்லாக இறுகும், பவர் ஸ்டியரிங்கும் கனக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பாதையில், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, அந்த நிலைக்கு இடம்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மாற்றுச் சாமானை நான் பூட்டி ஓட்டியதில்லை. கடையில் ஒரிஜினலோடு அருகருகே வைத்துப் பார்த்ததோடு சரி. நான் பார்த்த ஒன்றில் கூம்பின் சரிவு வேறாக இருந்தது கண்ணுக்கே தெரிந்தது. சரிவு மாறினால் ஒவ்வொரு படிக்கும் நுழையும் காற்றின் அளவும் மாறும் என்பதால் விலகிக்கொண்டேன். எல்லா மாற்றுச் சாமானும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

புதிய வால்வு பூட்டி ஆறு மாதமே ஆகிறது. எத்தனை ஆண்டு உழைக்கும் என்று இப்போதே கூற முடியாது. இதற்குள் பலமுறை மலை ஏறி இறங்கியாயிற்று, ஒருமுறைகூட இன்ஜின் நிற்கவில்லை. சேலத்துக்குள் மட்டும் ஓட்டுபவர்கள் முதலில் கழுவிப் பார்ப்பதே நியாயம். எதைச் செய்வதானாலும், வெற்றிடக் குழாய்களில் வெடிப்பு உள்ளதா என்று பார்த்துவிட்டு, பூட்டும்போது காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள்.