சின்னக் கடன் முதலிலா, பெரிய வட்டி முதலிலா? ஒரு தண்டையார்பேட்டைக் கணக்கு

போன வருடம் என் தலையில் இருந்த கடன் 80,000 ரூபாய். அதில் 60,000 கிரெடிட் கார்டு, மாதத்துக்கு மூன்றரை வட்டி. மீதி 20,000 மின்ட் தெருப் பக்கம் ஒரு அடகுக் கடையில், மனைவியின் வளையல் மேல், ரெண்டு வட்டி. வாடகை, மளிகை, ஸ்கூல் வேன் எல்லாம் போக, இழுத்துப் பிடித்தால் கடனுக்கு மாதம் 8,000 ஒதுக்கலாம். அந்த எட்டாயிரத்தை முதலில் எதில் போடுவது என்றுதான் வீட்டில் சண்டை.

மனைவி சொன்னது சின்னக் கடன் முதலில். கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையான 3,000-ஐ மட்டும் கட்டிவிட்டு, மீதி 5,000-ஐ அடகுக் கடையில் கொடுத்தால் ஐந்தாவது மாதம் வளையல் கைக்கு வந்துவிடும். நான் சொன்னது பெரிய வட்டி முதலில். அடகுக்கு வட்டி 400 மட்டும் கட்டிக்கொண்டு 7,600-ஐயும் கார்டில் போடுவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாதம் மாதமாக எழுதிப் பார்த்தேன். ரெண்டு வழியிலும் கடன் முடிவது அதே பதின்மூன்றாவது மாதம்தான்! அவள் வழியில் மொத்தம் கட்டுவது சுமார் 1,03,500, என் வழியில் சுமார் 98,750. வித்தியாசம் 4,750 சொச்சம். இதற்காகவா ரெண்டு வாரம் பேசாமல் இருந்தோம் என்று சிரிப்பு வந்தது. ஆனாலும் ஜெயித்தது நான் என்று சொல்லிக்கொள்ளவில்லை, ஏனென்றால் என் கணக்கில் வளையல் வீட்டுக்கு வருவது கடைசி மாதம், நடுவில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து வந்தால் அவள் கையைப் பார்த்து நாலு பேர் கேட்பார்கள், அந்தக் கேள்விக்கு என் நோட்டில் விலை போட முடியாது.

கார்டைப் பற்றி ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 60,000-க்கு மூன்றரை வட்டி என்றால் 2,100, அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக நீங்கள் கட்டும் மூவாயிரத்தில் அசலில் கழிவது 522 ரூபாய். பாக்கி வைத்துக்கொண்டே அதே கார்டைத் தேய்த்தால் வட்டியில்லா நாட்கள் என்ற சலுகையும் போய்விடும், புதிதாக வாங்கும் சட்டைக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. தீபாவளி சமயத்தில் எம்.சி. ரோட்டில் கார்டோடு நடப்பவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கார்டை வெட்டிப் போடாமல் வரிசையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது, அதை என் மாமியார்தான் சொன்னார். "ஏன் மாப்ள, சேட்டு கடையில வெச்சிருக்கறத பேங்க்ல வெக்கக் கூடாதா?" வங்கி நகைக்கடனில் வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 80,000-ஐயும் அதே எட்டாயிரத்தில் பதினோராவது மாதமே முடிக்கலாம், மொத்த வட்டி நாலாயிரத்துக்குள். மேலே சொன்ன ரெண்டு வழியிலும் வட்டி மட்டும் கிட்டத்தட்ட 18,750-ம் 23,500-ம். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க 4,750-க்கு, இதில் மிச்சம் அதைவிட மூன்று மடங்கு. முதலில் வீட்டில் இருந்த சங்கிலியை வங்கியில் வைத்து, அந்தப் பணத்தில் வளையலை மீட்டு, வளையலையும் அங்கேயே வைத்து, கார்டை மொத்தமாக அடைத்து ரத்து செய்தோம். ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்புள்ள நகை இருந்தால்தான் இது நடக்கும், அது இல்லாத வீட்டுக்கு என் பழைய வழியையே சொல்வேன். இன்னொன்று, வங்கியில் வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைக்கிற பழக்கம் வந்துவிட்டால் நகை லாக்கரிலேயே கிழடாகிவிடும். சம்பளம் வந்த அன்றே எட்டாயிரத்தையும் அதில் கட்டிவிடுவோம்.

சீட்டு எடுத்துக் கடனை அடைக்கலாம் என்பார்கள். சீக்கிரம் எடுக்கத் தள்ளிக் கேட்கும் தொகையே வட்டி மாதிரிதான், அதற்கு மேல் நடத்துகிறவருக்குச் சட்டப்படி 7 சதவீதம் வரை கமிஷன். பதிவு செய்யாத சீட்டு என்றால் பேச்சே வேண்டாம்.

தினம் தினம் வசூலிக்கும் தண்டல் கடன் விஷயம் வேறு. என் மச்சான், தங்கச்சி வீட்டுக்காரன், காசிமேட்டில் விசைப்படகில் மீன் பிடிக்கப் போகிறவன். பத்தாயிரம் தண்டல் எடுத்தால் 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள், தினம் 100 வீதம் நூறு நாள். பார்க்க 15 சதவீதம் போலத் தெரியும். ஆனால் அசல் தினம் தினம் குறைந்துகொண்டே வருவதால் வருடக் கணக்கில் போட்டால் 120 சதவீதம். கார்டுகூட இதன் முன்னால் நல்ல பிள்ளை. சின்னக் கடனும் இதுதான், பெரிய வட்டியும் இதுதான், அதனால் இங்கே எந்த வரிசை என்ற சண்டையே இல்லை.

செலவுக் கணக்கிலும் எனக்கும் அவனுக்கும் ஒத்துப்போகாது. நான் போனில் ஒரு ஆப் வைத்து மாதக் கணக்கு எழுதுகிறேன், சம்பளக்காரனுக்கு அது சரி. அவனிடம் காட்டினேன். "இன்னா மாமா, மாசம் மாசம்னு சொல்ற, எனக்கு எங்க மாசம் வருது?" என்றான். நியாயம்தான். ஒரு நாள் 2,000 வரும், நாலு நாள் ஒன்றும் வராது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அவனுக்குச் செட்டானது அவன் அம்மாவின் டப்பா முறை. வாடகைக்கு ஒன்று, அரிசிக்கு ஒன்று, ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லுக்கு ஒன்று, தடைக்காலத்துக்கு மூடி இறுகின பழைய பிஸ்கட் டின். கையில் காசு வந்த அன்றே பிரித்துப் போட வேண்டும், ஜிபேயில் விட்டால் டீக்கடைக்கும் பிரியாணிக்கும் போய்விடும். பத்து ரூபாயாகக் கழிவது கண்ணில் படாது, டப்பாவில் கை விட்டால் தட்டுப்படும். ஆப்பை விட டப்பாதான் ஒசத்தி என்று நான் ஒத்துக்கொண்ட ஒரே இடம் இது.

இந்தத் தடைக்காலம் தொடங்கிய அன்று டின்னைத் திறந்து எண்ணினான், 11,400 இருந்தது. இந்த முறை தண்டல் எடுக்கவில்லை. அதில் 1,200 கேரம் போர்டுக்குப் போனதை மட்டும் என் தங்கச்சியிடம் சொல்லவில்லை.