மேய்ச்சல் ஆடா, பரண் ஆடா? கூலியையும் சேர்த்து ஒரு கணக்கு

ஆடு வளர்க்கலாம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் கேட்பது, "பரண் போடவா, மேய்ச்சலுக்கு விடவா?" என்பதைத்தான். பரண் என்பது தரைக்கு மேலே உயர்த்தி, இடுக்கு விட்டுச் சட்டம் அடித்த கொட்டில்; ஆடு அதிலேயே நின்று தீவனம் தின்னும். நான் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டில் கன்னி என்கிற நாட்டு இன ஆடுகளை மேய்ச்சலில் வைத்திருக்கிறேன். என் மைத்துனர் கிணற்றுத் தண்ணீரை நம்பி பரண் போட்டு தலைச்சேரி இன ஆடு வளர்க்கிறார். இரண்டு தொழுவத்திலும் பிரசவம் பார்த்திருக்கிறேன், செத்த குட்டியைப் புதைத்தும் இருக்கிறேன்.

ஒப்பிட வசதியாக 20 பெட்டை, ஒரு கிடா என்று எடுத்துக்கொள்வோம். உயிர் எடை கிலோ 400 ரூபாய். உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். தாய் ஆடு வாங்கும் செலவும், கழிக்கும் கிழட்டு ஆடு விற்ற காசும் இரண்டு பக்கமும் உண்டு என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆட்டுக்குச் சினைக்காலம் 5 மாதம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருடத்தில் மூன்று ஈத்து வரும். ஈத்துக்கு ஒன்றரைக் குட்டி என்று வைத்தால் 20 பெட்டைக்கு வருடம் 45 குட்டி. திட்ட அறிக்கைகளில் பார்க்கிற எண் இதுதான்.

மேய்ச்சலில் அது கிடைக்காது. பங்குனி, சித்திரையில் காடு காய்ந்துவிடும். சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்று உயிர் பிடித்துக்கொண்டிருக்கும் ஆடு பருவத்துக்கு வராது. 35 குட்டி பிறக்கும், 28 பிழைத்து நிற்கும். பெட்டை நாலைத் தொழுவத்துக்கு வைத்துக்கொண்டால் விற்க 24. ஒன்பது மாதத்தில் 14 கிலோ என்று போட்டால் 1,34,400 ரூபாய்.

"மேய்ச்சலுக்குச் செலவே இல்லை" என்பார்கள். தீவனம் வாங்கவில்லை, சரி. காலையில் பத்தி, வெயிலில் பின்னாலேயே நடந்து, பருத்திக்குள் பாயாமல் மறித்து, பொழுது சாயத் தொழுவத்தில் அடைக்கிற ஆளுக்குக் கூலி இல்லையா? ஒரு நாளைக்கு 400 ரூபாய் போட்டாலும் வருடத்துக்கு 1,46,000. ஆள் வைத்து 20 ஆடு மேய்த்தால் கையை விட்டுத்தான் போகும். நாமே மேய்த்தால், மருந்து உப்புக்கு 10,000 கழித்து, ஒரு நாளைக்கு 340 ரூபாய் நிற்கும். மழையானாலும் காய்ச்சலானாலும் ஒரு நாள் கூட விடுப்பில்லாத வேலைக்கு அதுதான் கூலி. அதே ஆள் 50 ஆட்டையும் மேய்க்க முடியும் என்பதுதான் இந்த முறையின் பலம். காடும் கம்மாய்க்கரையும் 50 ஆட்டைத் தாங்குமா என்று பார்த்துவிட்டுக் கூட்டுங்கள். தரிசெல்லாம் கம்பி வேலிக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

எருவையும் மறக்கக் கூடாது. "ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறு வருடம்" என்பது காட்டில் கண்ணால் பார்க்கிற விஷயம். அறுவடை முடிந்த புஞ்சையில் ராத்திரி ஆடுகளை அடைத்துக் கிடை அமர்த்தினால், எருவுக்காக நிலக்காரரிடம் கொஞ்சம் பணமோ தானியமோ கிடைக்கும். பரணிலும் எரு சேரும், குவித்து வைத்து விற்கலாம். அதில் இரண்டும் சமம்தான்.

இனிப் பரணுக்கு வருவோம். பெரிய ஆட்டுக்கு 12 சதுர அடி, குட்டிகளுக்கும் சேர்த்து 500 சதுர அடி வேண்டும். சட்டமும் கூரையுமாக இரண்டரை முதல் மூன்று லட்சம் ஆகும். பத்து வருடத் தேய்மானம், வட்டி இரண்டும் சேர்த்து வருடத்துக்கு 60,000 வைத்துக்கொள்ளுங்கள். தாய்க்கு 250 கிராம், குட்டிக்கு 150 கிராம் என்று அடர்தீவனம் கொடுத்தால் வருடத்துக்கு 3 டன்னுக்கு மேல் போகும், கிட்டத்தட்ட 93,000 ரூபாய். பசுந்தீவனம் தினமும் 120 கிலோ அறுத்துப் போட வேண்டும். கம்பு நேப்பியர், வேலிமசால், அகத்தி எல்லாம் கலந்து முக்கால் ஏக்கர் பாசன நிலம் இதற்கே போய்விடும். அதன் பராமரிப்பு 20,000, மருந்து, தாது உப்பு 15,000.

வரவு என்ன? 45 பிறந்து 40 நின்றால், நாலு போக 36 குட்டி. 20 கிலோவில் விற்றால் 2,88,000. செலவு 1,88,000 போக, கையில் ஒரு லட்சம். வேலையும் தினம் நாலு மணி நேரம்தான். மணிக் கணக்கில் பார்த்தால் பரண் மேய்ச்சலை நன்றாகவே முந்துகிறது.

ஆனால் இதிலேயே பத்துக் குட்டி கூடுதலாகச் செத்தால் 80,000 போச்சு. மேய்ச்சலில் பத்து குட்டி போனாலும் 56,000 நஷ்டம்தான், தீவனக்கடையில் பாக்கியும் இருக்காது. அதனால் எந்த முறை என்று கேட்கிறவரிடம் நான் திருப்பிக் கேட்பது, "போன மழைக்கு உங்கள் ஊரில் எத்தனை குட்டி செத்தது?" என்பதுதான். கூரை எவ்வளவு அழகாக இருந்தாலும் லாபம் அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

மைத்துனருக்கு இது நடந்தது. சந்தையில் ஒரு வியாபாரியிடம் ஆறு பெட்டை வாங்கி வந்து நேராகப் பரணில் ஏற்றிவிட்டார். நாலாவது நாள் ஒன்றுக்கு மூக்கில் சளி, வாயில் புண், அப்புறம் கழிச்சல். ஆட்டுக்கொல்லி நோய். மேய்ச்சலிலும் அது பரவும், ஆனால் மூக்கோடு மூக்கு உரசி நிற்கிற பரணில் பத்து நாளில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போய்விட்டது. குட்டிகள்தான் அதிகம் போயின. இப்போது புது ஆடு எதுவானாலும் மூன்று வாரம் வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டிப் பார்த்த பிறகே மேலே ஏற்றுகிறார். ஒரு தடவை போட்டால் மூன்று வருடம் தாங்கும் தடுப்பூசி ஆட்டுக்கொல்லிக்கு இருக்கிறது. துள்ளுமாரி நோய்க்கு வருடாவருடம் மழைக்கு முன்னால் போட வேண்டும். மழை பெய்து இளம்புல் தலைகாட்டியதும், முந்தின நாள் துள்ளிய குட்டி விடிந்ததும் விறைத்துக் கிடக்கிற கொடுமையைப் பார்த்தவர்கள் ஊசியைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

மேய்ச்சலுக்கும் தனி எமன்கள் உண்டு. ஈரத் தரையில் குளம்பு புண்ணாகும். கம்மாய்க்கரைப் புல்லில் குடற்புழு ஏறும். தெருநாய்க் கூட்டம் இப்போது எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. இந்த மூன்றிலிருந்தும் பரண் காப்பாற்றுகிறது. புழுக்கையும் மூத்திரமும் சட்டத்து இடுக்கு வழியாகக் கீழே விழுவதால் ஆடு உலர்ந்த இடத்தில் படுக்கும். ஆனால் கீழே விழுந்ததை வாரத்துக்கு இரண்டு தடவையாவது அள்ள வேண்டும். விடியற்காலையில் குட்டி நிற்கிற உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடியில் கண் எரிந்தால் அந்தக் குட்டிக்கு நெஞ்சுச் சளி வரப்போகிறது.

இனமும் முறைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கன்னி, கொடி என்கிற நாட்டு இனங்கள் வெயிலில் நடக்கப் பிறந்தவை, நீண்ட கால், பின்னங்காலில் எழுந்து நின்று கருவேலங்கொழுந்தைப் பறிக்கும். அதைப் பரணில் அடைத்தால் முதல் மாதம் கத்தியே இளைத்துவிடும். தலைச்சேரி அடைத்து வைத்தாலும் தின்னும். வெளிநாட்டுக் கறி இனத்தோடு கலந்தது, 'போயர் கலப்பு' என்று பெரிய விலை சொல்வதைக் கேட்டு மயங்க வேண்டாம், கசாப்புக்குப் போகையில் எடைக்குத்தான் காசு.

மானியத்துக்காகப் பெரிதாக ஆரம்பிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. 2021-ல் மாற்றியமைத்த தேசிய கால்நடை இயக்கத்தில் 100 பெட்டை, 5 கிடா பண்ணைக்கு 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. ஏற்கெனவே ஆடு தெரிந்தவருக்கு அது நல்ல உதவி. முதல் தடவை வளர்க்கிறவருக்கு நூறு ஆடு என்பது தூக்கமில்லாத சுமை.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்பேன். காலையில் நாலு மணி நேரம் மேய்ச்சல். சாயந்தரம் அகத்தியையும் கல்யாணமுருங்கையையும் கட்டாகத் தொங்கவிடுவது. தரையில் போட்டால் மிதித்துவிட்டு முகர்ந்துகூடப் பார்க்காது, தொங்கினால் காம்பு வரை உருவும். சினையாடு, பால் கொடுக்கிற ஆடு இவற்றுக்கு மட்டும் கைத்தீவனம். குட்டிகளுக்கு மட்டும் பனஞ்சட்டத்தில் சின்னதாக ஒரு பரண். அப்புறம் ஒரு தொங்கு தராசு. சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும்போது 14 கிலோ குட்டியைப் பன்னிரண்டு என்பார்கள், குட்டிக்கு 800 ரூபாய் அங்கேயே போய்விடும்.

பத்து ஆட்டோடு ஆரம்பியுங்கள். அகத்தியை இப்போதே வேலியோரம் ஊன்றிவிடுங்கள். ஐப்பசி மழை ஒன்றைத் தாண்டி, பத்துக் குட்டியில் ஒன்பது நின்றால், அதற்கப்புறம் பெரிய பரணுக்குக் கம்பக்குழி தோண்டலாம்.