மூன்று கார்டும் ஒரே ஆணியில் தொங்கின: வெளிநாட்டில் மாதக்கணக்கில் தங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொஞ்சம் நீளமான பதிவு. வெளிநாட்டில் இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தங்கப் போகிறவர்கள், அதிலும் முதல் முறை போகிறவர்கள், டிக்கெட் போடும் முன் ஒரு தடவை படித்துவிடுங்கள். எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

நான் விருப்ப ஓய்வு வாங்கியபின் நானும் மனைவியும் 2024 நவம்பரில் கிளம்பினோம். தாய்லாந்தில் இரண்டு மாதம், அப்புறம் வியட்நாமில் மூன்று மாதம் என்பது திட்டம். அப்போது தாய்லாந்தில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 60 நாள், வியட்நாமில் இ-விசாவில் 90 நாள். கணக்கு சரியாக இருந்தது.

பணத்துக்கு என்ன செய்வது என்று இருபது வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில்தான் கேட்டோம். கிளையில் எங்களுக்கென்று ஒரு ரிலேஷன்ஷிப் மேனேஜர் உண்டு. அவர் ஃபாரெக்ஸ் கார்டு, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்ளும் கார்டு, போடச் சொன்னார். 2,500 டாலர் ஏற்றினோம். அந்த உறையிலேயே இரண்டு கார்டு இருந்தது. "சார், ஒண்ணு தொலைஞ்சா இன்னொண்ணு ரெடியா இருக்கு. அதுக்கும் மேல உங்க டெபிட் கார்டு இருக்கு, மேடத்தோட கார்டு இருக்கு. நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார். ரோமிங் போடணுமா என்று நான் கேட்டேன். "எதுக்கு சார் வீண் செலவு? ஓடிபி மெயிலுக்கே வரும்" என்றார். இந்த இரண்டு வாக்கியத்தையும் நம்பித்தான் கிளம்பினோம். இரண்டுமே உண்மையில்லை.

தாய்லாந்தில் ஒரு பிரச்சினையும் இல்லை. அங்கே வெளிநாட்டுக் கார்டில் பணம் எடுத்தால் அப்போது ஒவ்வொரு தடவைக்கும் 220 பாட் பிடித்துக்கொண்டார்கள், அதனால் மொத்தமாக எடுத்தோம். உள்ளூர் சிம் வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஊர் சிம்மைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ஜனவரியில் வியட்நாமின் ஹோய் ஆன் ஊருக்கு வந்தோம். 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, இரவு ஏழு மணி இருக்கும். ஒரு மருந்துக்கடையை ஒட்டிய ஏடிஎம்மில் கார்டைப் போட்டேன். பின் எண்ணை அடித்தேன். திரை ஒரு நொடி கறுத்தது, பிறகு வியட்நாமிய மொழியில் ஏதோ ஒரு வரி வந்தது, அப்புறம் முதல் பக்கத்துக்கே போய்விட்டது. கார்டு வெளியே வரவில்லை. கேன்சலை அழுத்திப் பார்த்தேன், கால் மணி நேரம் அங்கேயே நின்றேன். மருந்துக்கடைப் பெண் வந்து பார்த்துவிட்டு, எதிரே தொங்கிய நாட்காட்டியைக் காட்டினார். டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டு 29ஆம் தேதி. அதற்காக 25ஆம் தேதியே விடுமுறை தொடங்கியிருந்தது, பிப்ரவரி 2 வரை. வங்கிக் கதவு திறக்க ஒரு வாரம் ஆகும்.

எங்கள் கையில் அப்போது வியட்நாம் பணத்தில் ஆறு லட்சம் டாங். கேட்க பெரிதாக இருக்கும், நம்ம ஊர்க் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் சொச்சம்.

சரி, வங்கிக்கு அழைக்கலாம் என்றால் அவசர எண் கார்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது. கார்டு மெஷினுக்குள் இருக்கிறது. இணையதளத்தில் தேடினால் 1800 என்று தொடங்கும் எண்தான் கண்ணில் படுகிறது. இந்தக் கட்டணமில்லா எண்கள் வெளிநாட்டிலிருந்து கிடைக்காது, இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பழைய மின்னஞ்சல் ஒன்றின் அடியில் +91 போட்ட ஓர் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். இசை கேட்டுக்கொண்டே இருபது நிமிடம் போனது, சிம்மில் இருந்த பேலன்ஸ் தீர்ந்தது. மறுபடி போட்டு அழைத்ததில் ஒருவர் எடுத்தார். கார்டைத் தடுத்துவிட்டேன் என்றார். உறையில் இருக்கும் இரண்டாவது கார்டை இயக்கித் தாருங்கள் என்று கேட்டேன். அதற்கு ஓடிபி வேண்டும், பதிவு செய்த மொபைல் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸாகத்தான் வரும், மெயிலுக்கு அனுப்பும் வழக்கமே இல்லை என்றார். கார்டோடு சேர்த்து அதிலிருந்த 1,140 டாலரையும் முடக்கிவிட்டார்கள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்தது டெபிட் கார்டு. இரண்டு ஏடிஎம்மில் போட்டுப் பார்த்தேன், இரண்டிலும் மறுப்பு. காரணம் எளிது. 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, புதிதாகவோ மாற்றாகவோ தரும் கார்டுகள் முதலில் உள்நாட்டு ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டுமே வேலை செய்யும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாமே திறந்துவிட வேண்டும். நமது பாதுகாப்புக்கான விதிதான், நல்ல விதி. ஆனால் "டெபிட் கார்டு இருக்கே" என்று சொன்ன மேனேஜர், அது வெளிநாட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று தன் கணினியில் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டாமா? திறக்க வங்கிச் செயலிக்குள் போக வேண்டும். பதிவான சிம் போனில் இல்லை என்று செயலி வெளியே தள்ளிவிட்டது. ஊர் சிம்மை எடுத்துப் போட்டால் சிக்னலே இல்லை, ரோமிங் போடவில்லையே. மனைவியின் கார்டும் அதே கணக்கு, அதே எண்.

மூன்று கார்டு, உறைக்குள் இருந்ததையும் சேர்த்தால் நான்கு. எல்லாமே ஒரே வங்கி, ஒரே மொபைல் எண் என்ற ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. ஆணி பிடுங்கிக்கொண்டதும் எல்லாம் விழுந்தன.

அன்று இரவு திருச்சியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "அண்ணே, நாளைக்குக் காலையில வெஸ்டர்ன் யூனியன்ல போட்டு விட்டுடறேன்" என்றான். நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அவன் போன கடையில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் அந்தப் பணப் பரிமாற்றத் திட்டம் வெளிநாட்டிலிருந்து இந்தியாவுக்குப் பணம் வருவதற்கு மட்டும்தான், இங்கிருந்து அனுப்ப அதில் வழியில்லை. வங்கி மூலம் அனுப்பலாம், ஆனால் அதற்கு வெளிநாட்டில் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும், படிவம் வேண்டும், நாளும் ஆகும். வளைகுடாவிலிருந்து பணம் வந்து பழகிய நமக்கு இது தோன்றுவதே இல்லை.

எங்களைக் காப்பாற்றியது தங்கியிருந்த வீட்டு அம்மா. விஷயத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் எழுதிக் காட்டினோம். படித்துவிட்டு வாடகை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே போய், டெட்டுக்காக வாழையிலையில் உருளையாகக் கட்டி வேகவைத்திருந்த பான் டெட் என்ற அரிசிப் பண்டம் ஒன்றை எடுத்து வந்து, நூலாலேயே வில்லை வில்லையாக அறுத்து என் மனைவி கையில் வைத்தார். அவள் அங்கேயே அழுதுவிட்டாள். அந்த அம்மாவின் வங்கிக் கணக்குக்கு சிங்கப்பூரில் இருக்கும் என் அத்தை மகன் திங்கள் இரவு பணம் அனுப்பினான். அவர் அதை எடுத்து எங்களிடம் ரொக்கமாகத் தந்தார்.

தம்பி அதே திங்களன்று எங்கள் கிளைக்கும் போனான். "அக்கவுன்ட் ஹோல்டர் நேர்ல வரணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார் மேனேஜர். மாற்றுக் கார்டு இந்திய முகவரிக்குத்தான் வருமாம். என் ஊர் சிம்மின் பிளானும் முடிந்துபோயிருந்தது. அதற்கு ஒரு ரீசார்ஜ், பிறகு ரோமிங் பேக் என்று தம்பியே போட்டுவிட்டான். செவ்வாய் மதியம் சிக்னல் வந்தது. செயலியைத் திறந்து டெபிட் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை இயக்கினேன். அன்று டெட்டுக்கு முந்தைய நாள், இரண்டு ஏடிஎம்மில் பணமே இல்லை. மூன்றாவதில் இருபது லட்சம் டாங் கிடைத்தது. ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு.

ஊர் திரும்பியதும் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். "விதிமுறைகளில் கையெழுத்திட்டிருக்கிறீர்கள்" என்று ஒரு பதில் வந்தது. வங்கி 30 நாளுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மனிடம் இணையத்திலேயே புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. அங்கே போகப் போகிறேன் என்று எழுதிய பிறகுதான் முடக்கிய டாலரைக் கணக்கில் திருப்பிப் போட்டார்கள். போன் செலவுக்கும் அந்த மூன்று நாளுக்கும் ஒன்றும் தரவில்லை. மேனேஜர் சொன்ன எதற்கும் எழுத்தில் ஆதாரம் இல்லாததால் அதைப் பற்றி என்னால் வாதாட முடியவில்லை. நீங்கள் கேட்கும்போது மெயிலில் கேளுங்கள், பதிலையும் மெயிலில் வாங்குங்கள்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். என் கணக்கு ஒரு வங்கி, மனைவியின் கணக்கு வேறு வங்கி, அவளுடைய எண், அவளுடைய போன். ஒன்று விசா கார்டு, ஒன்று மாஸ்டர்கார்டு. ஒருவர் பையில் இருப்பது மற்றவர் பையில் இருக்காது. ஊர் சிம் இரண்டும் ரோமிங்கோடு போனிலேயே இருக்கும். ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் எண்ணே கைவிட்டுப் போகலாம், அதனால் ரீசார்ஜ் தேதியைத் தம்பி குறித்து வைத்திருக்கிறான். உறைக்குள் வரும் இரண்டாவது கார்டை இங்கேயே, வங்கிக் கவுன்டரில் நின்றுகொண்டே இயக்கிவிடுங்கள். போய் இறங்கிய அன்றே எல்லாக் கார்டிலும் சின்னத் தொகை எடுத்துப் பாருங்கள், கட்டணம் போனாலும் பரவாயில்லை. ஏடிஎம் "ரூபாயில் கணக்கிடவா" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம். பணம் எடுப்பது வங்கிக் கிளைக்குள் இருக்கும் மெஷினில், கிளை திறந்திருக்கும் நேரத்தில் மட்டும்.

ரொக்கமாக 400 டாலர், மடிப்போ கிறுக்கலோ இல்லாத நோட்டாக, மனைவியின் சால்வைக்குள் தைத்த பையில் இருக்கிறது. அழுக்கு நோட்டுக்குப் பல இடங்களில் விலை குறைத்துத்தான் தருவார்கள். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கொண்டுபோகலாம் என்பதால் இதில் சட்டச் சிக்கலும் இல்லை. இரண்டு வங்கியின் +91 எண்களையும், போகும் நாட்டில் உள்ள நம் தூதரகத்தின் எண்ணையும் காகிதத்தில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வைத்திருக்கிறோம். கையில் காசே இல்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவ தூதரகங்களிடம் இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. எங்களுக்கு அந்த இரவில் அது தெரியாது.

அந்த அம்மாவுக்கு இந்தப் பொங்கலுக்கு ஒரு சின்னாளப்பட்டுச் சேலை அனுப்பினோம். போய்ச் சேர்ந்துவிட்டது என்று படம் அனுப்பியிருந்தார்.