தனிமையின் நூறு ஆண்டுகள் திரையில்: முதல் எட்டு எபிசோடும் கொழும்புப் பார்வையாளர்களும்

நெட்ஃபிளிக்ஸில் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ நாவலின் தொடரைப் போட்டதும் முதல் வேலையாக ஒலியை ஸ்பானிய மொழிக்கு மாற்றுங்கள். கணக்கின் மொழி ஆங்கிலமாக இருந்தால் ஆங்கில டப்பிங் தானாகவே ஓடத் தொடங்கிவிடக்கூடும். அதை அப்படியே விட்டுப் பார்த்தவர்கள்தான் “நாடகம் மாதிரி இருக்கு” என்று முதல் எபிசோடோடு நிறுத்துகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்துக் கிராமத்துக் கதையொன்றைச் சென்னைச் செய்தி வாசிப்பாளரின் குரலில் கேட்டால் எப்படி இருக்குமோ, டப்பிங்கில் இது அப்படித்தான் இருக்கிறது.

கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ், 1967இல் வெளியான தன் இந்த நாவலைப் படமாக்க உயிரோடிருந்தவரை சம்மதிக்கவில்லை. ஒரு படத்தின் நீளத்துக்குள் அடங்காது, வேறு மொழியில் எடுத்தால் கதையின் உயிர் போய்விடும் என்ற தயக்கம் அவருக்கு இருந்தது. அவர் 2014இல் காலமானார். 2019இல் உரிமை நெட்ஃபிளிக்ஸுக்குக் கைமாறியபோது மகன்மார் ரொட்ரிகோவும் கொன்சாலோவும் நிர்வாகத் தயாரிப்பாளர்களாகச் சேர்ந்தார்கள். ஸ்பானிய மொழியில், கொலம்பியாவிலேயே எடுப்பது என்று முடிவானது. அங்கே தொலிமா பகுதியில், கதை நடக்கும் கற்பனை ஊரான மக்கோந்தோவையே கட்டியெழுப்பினார்கள். மொத்தம் 16 எபிசோட் என்று திட்டமிட்டு, முதல் எட்டை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். இயக்கம் லோரா மோரா, அலெக்ஸ் கார்சியா லோபெஸ். இங்கே பேசப்படுவது அந்த எட்டு எபிசோட் பற்றி மட்டுமே.

ஒலியை மாற்றிய கையோடு சப்டைட்டில் எழுத்துகளையும் சரிசெய்துகொள்ள வேண்டும். கதையின் குடும்பத் தலைவி உர்சுலாவின் வீடு வெள்ளைச் சுவர். அரசாங்கத்தின் ஆளாக ஊருக்கு வரும் மொஸ்கோத்தே எல்லா வீடுகளுக்கும் நீலம் பூசச் சொல்ல, அங்கேதான் ஊருக்கும் அரசுக்கும் முதல் மோதல் தொடங்குகிறது. அந்த வெள்ளைச் சுவரின் மேல் வெள்ளை சப்டைட்டில் ஓடினால், பகல் காட்சிகளில் கண் வலிக்கும். கணக்கில் உங்கள் புரொஃபைலுக்குப் போய், சப்டைட்டில் தோற்றத்தில் கறுப்புப் பின்னணியைத் தெரிவு செய்து, எழுத்தை ஒரு அளவு பெரிதாக்குங்கள். ரீவியில் மோஷன் ஸ்மூதிங், அதாவது அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு, இருந்தால் நிறுத்திவிடுங்கள். எல்ஜியில் அது ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. அது ஓடிக்கொண்டிருந்தால் கமெரா நகரும் நீண்ட காட்சிகள் எல்லாம் மாலை நேர சீரியலின் வழுவழுப்புக்கு வந்துவிடும். “செட் என்று தெரியுது” என்று சொல்லும் பலருடைய வீட்டில் உண்மையான குற்றவாளி இந்த அமைப்பாகக்கூட இருக்கலாம்.

இனி, நாவலை வாசித்தவர்களின் பெரிய மனக்குறை. அது நியாயமானது. நாவலின் முதல் வசனத்தில், துப்பாக்கிகளுக்கு முன்னால் நிற்கும் கர்னல் அவுரேலியானோ, அப்பா தன்னைப் பனிக்கட்டி காட்டக் கூட்டிப்போன பிற்பகலை நினைத்துக்கொள்கிறார். எதிர்காலத்தில் நின்று கடந்தகாலத்தை நினைக்கும் அந்த முடிச்சில்தான் முழுப் புத்தகமும் தொங்குகிறது. தொடர் அந்த முடிச்சை அவிழ்த்து நேர்க்கோடாக நீட்டிவிட்டது. நாவலில் ஜிப்சிகளும் காந்தமும் பனிக்கட்டியும் முதல் அத்தியாயம். ஹோசே அர்க்காதியோவுக்கும் உர்சுலாவுக்கும் நடக்கும் கல்யாணம், சேவல்சண்டை, அதனால் வரும் புருதென்சியோவின் கொலை, ஊரைவிட்டுப் போனது எல்லாம் இரண்டாம் அத்தியாயத்தில் நினைவாகத் திரும்பி வருபவை. தொடரில் கல்யாணம்தான் முதலில். வாசிக்காதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அதை நோக்கி வாசகரை மெல்ல இழுக்கிற அந்த உத்தி போய்விட்டது. பின்னணிக் குரல் அதைக் கொஞ்சம் ஈடுசெய்யப் பார்க்கிறது. அந்தக் குரல் அலுப்புத் தருகிறது என்பவர்களும் இருக்கிறார்கள். நாவலில் உரையாடல் மிகக் குறைவு. சொல்லுகிற குரலையும் எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது வெறும் குடும்பக் கதை. குரல் இருக்கட்டும் என்பதே சரி.

கல்யாணத்தில் தொடங்கியதால் இங்கே ஒரு விசித்திரமும் நடக்கிறது. ஹோசே அர்க்காதியோவும் உர்சுலாவும் உறவுக்காரர், பிறக்கிற பிள்ளைக்குப் பன்றிவால் முளைக்கும் என்று வீட்டார் நடுங்குகிறார்கள். சப்டைட்டில் “கசின்” என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறது. தமிழ் வீடுகளில் அந்த இடத்தில் அச்சம் வருவதில்லை, கேள்விதான் வருகிறது: மச்சானும் மச்சாளுமா, இல்லை அண்ணன் தங்கை முறையா? மச்சாள் என்றால் இதிலே பயப்பட என்ன இருக்கிறது? முறை மாறினால்தானே குற்றம். ஸ்பானிய மொழிக்கு இந்தப் பாகுபாடு இல்லை. அதனால் முதல் எபிசோடின் பயம் நமக்கு முழுதாக ஏறாது. இதைச் சமாளிக்க ஒரு வழி, அவர்களை ‘முறையில்லாதவர்கள்’ என்று மனதில் வைத்துக்கொண்டு பார்ப்பது. அப்படிப் பார்த்தால், பின்னால் உர்சுலாவின் மகள் அமரந்தாவும் அவள் வளர்த்த அண்ணன் மகன் அவுரேலியானோ ஹோசேயும் வரும்போது அதே பயம் திரும்பி வருவது விளங்கும். அவனுக்கு அவள் மாமி, வளர்த்த தாயும் அவளே. “ஆன்ட்” என்ற சொல்லில் அந்தக் கனம் இல்லை.

பெயர்க் குழப்பத்துக்கும் நம் உறவுச் சொற்களே மருந்து. ஹோசே அர்க்காதியோ என்ற பெயர் கொண்டவர்கள் துணிச்சலான அவசரக்காரர். அவுரேலியானோக்கள் ஒதுங்கிய, கூர்மையான ஆட்கள். இதை நாவலில் உர்சுலாவே கண்டுபிடித்துச் சொல்கிறாள். பிலார் தெர்னேரா என்ற ஊர்ப் பெண்ணுக்கு, உர்சுலாவின் மூத்த மகன் ஹோசே அர்க்காதியோவால் பிறந்தவன் அர்க்காதியோ, இளைய மகன் அவுரேலியானோவால் (பின்னால் கர்னல் ஆகிறவர்) பிறந்தவன் அவுரேலியானோ ஹோசே. தாய் ஒருத்தி, தகப்பன்மார் அண்ணனும் தம்பியும். ஒரு தாளில் இந்த நான்கு பெயரையும் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எட்டு எபிசோடுக்கும் போதும்.

மிக நன்றாக வந்திருப்பது தூக்கமின்மைக் கொள்ளைநோய். ஊரே தூங்காமல் கிடந்து, தூக்கம் போனதன் பின்னால் ஞாபகமும் போகத் தொடங்குகிறது. ஒவ்வொரு பொருளிலும் பெயரை எழுதி ஒட்டுகிறார்கள்: மேசை, கதிரை, மணிக்கூடு. பிறகு பெயர் மட்டும் போதாது என்று தெரிகிறது. மாட்டின் கழுத்தில், இது பசு, பால் சுரக்க ஒவ்வொரு காலையும் கறக்கவேண்டும், அந்தப் பாலைக் காய்ச்சிக் கோப்பியில் கலக்கவேண்டும் என்று தொங்கவிட வேண்டியிருக்கிறது. இந்தக் காட்சிகளை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். திரையில் ஒரே நேரத்தில் பல துண்டுகள் இருக்கும்போது சப்டைட்டில் எல்லாவற்றையும் தராது. எழுத்தை நம்பி வாழ்கிற ஊர், எழுத்தே மறந்துபோகும் நாளை நோக்கிப் போவதை இந்தக் காட்சிகளில் அவசரமே இல்லாமல் காட்டியிருக்கிறார்கள். பெயர்ப்பலகைகளோடும் பட்டியல்களோடும் வாழ்ந்த நம்மவர்கள் பலர் இங்கே நெகிழ்ந்துபோவதில் வியப்பில்லை.

அதிசயங்களை எடுத்த விதமும் சரி. பாதிரியார் ஒரு கோப்பைச் சூடான சொக்லட்டைக் குடித்துவிட்டு நிலத்திலிருந்து எழும்புகிறார். நாவலில் சரியாக 12 சென்ரிமீற்றர். சுட்டுக்கொல்லப்பட்டவனின் இரத்தம் படி இறங்கி, தெரு திரும்பி, விரிப்புகளில் படாமல் சுவரோரமாகவே ஊர்ந்து, 36 முட்டை உடைக்கத் தயாராக நிற்கும் தாயின் சமையலறைக்கு வந்துசேர்கிறது. இப்படியான இடங்களில் இசையைக் கூட்டி “பாருங்கள் அதிசயம்” என்று தொடர் கத்துவதில்லை. அந்த அடக்கம்தான் மார்க்கேஸுடையது. நடிப்பில் மூத்த உர்சுலாவாக வரும் மார்லெய்தா சோத்தோவுக்கு நிகரில்லை. கர்னலாக வரும் கிளாவ்தியோ கத்தான்யோ பேசாமலே இறுகிக்கொண்டு போவது, போர் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தெரிந்தவர்களுக்கு நன்றாக விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. இது பிள்ளைகளோடு ஹோலில் இருந்து பார்க்கிற தொடர் அல்ல. படுக்கைக் காட்சிகள் பல, ஒளிவுமறைவு இல்லாமல் வருகின்றன. புரொஃபைலில் வயதெல்லையைப் பூட்டிவையுங்கள். அதைவிடக் கனமானது மொஸ்கோத்தேயின் மகள் ரெமேதியோஸ் விஷயம். நாவலில் அவுரேலியானோ அவள்மேல் ஆசைப்படும்போது அவளுக்கு வயது 9. தொடரும் அவளைச் சிறுமியாகவே காட்டுகிறது, கையில் பொம்மைகளோடு. பலருக்கு அது அருவருப்பாக இருந்தது; இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதை மறைத்து, வயதைக் கூட்டி எடுத்திருந்தால் அந்த வீட்டின் நோயை மறைத்ததாக ஆகியிருக்கும்.

டேட்டா கணக்கு: ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. நெட்ஃபிளிக்ஸின் ‘மீடியம்’ அமைப்பில் மணிக்கு 0.7 ஜிபி வரை, அதாவது எட்டுக்கும் சுமார் 6 ஜிபி. எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை போகும், மொத்தம் 25க்குக் கிட்ட. விளக்கொளிக் காட்சிகள் மீடியத்தில் கட்டம் கட்டமாக உடையும். இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பக்கேஜ் என்றால் இரவில் கைத்தொலைபேசிக்கோ டப்லட்டுக்கோ இறக்கிவைப்பது நல்லது. ஒரே இரவில் எட்டையும் பார்க்கவேண்டாம், இரண்டு இரண்டாகப் போதும்.

காலச்சுவடு வெளியிட்ட தமிழ் மொழிபெயர்ப்பை வைத்திருப்பவர்கள் சேர்த்து வாசிக்கலாம். இல்லாதவர்கள் வெள்ளவத்தை, செட்டியார் தெருப் புத்தகக் கடைகளில் விசாரித்துப் பார்க்கலாம். நாவலின் 20 அத்தியாயங்களுக்கும் எண் கிடையாது, நீங்களே பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். இந்த எட்டு எபிசோடும் ஏறத்தாழ முதல் ஏழெட்டு அத்தியாயங்களுக்குள் அடங்கும். ஏழாவது அத்தியாயத்தின் கடைசிப் பந்தியில், தச்சன் சவப்பெட்டிக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே சின்னச் சின்ன மஞ்சள் பூக்கள் மழையாகப் பெய்யத் தொடங்குகின்றன. இரவெல்லாம் பெய்து கூரைகளை மூடி, வெளியே படுத்திருந்த மிருகங்களை மூச்சடைக்க வைத்து, காலையில் பிரேத ஊர்வலம் போவதற்காகத் தெருவை மண்வெட்டியால் வழித்துத் துப்புரவாக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பந்தியை வாசித்து முடித்துவிட்டு எட்டாவது எபிசோடைப் போடுங்கள்.