கடைவதா, மாற்றுவதா?

தந்தை ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் தேய்ந்த எஞ்சினைப் புதுப்பிக்க நினைப்பவர், புதிய சிலிண்டர் கிட் (சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த தொகுப்பு) வாங்கி மாட்டினால் வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால் தந்தையின் கை பட்ட சிலிண்டர் பழைய இரும்புக்குப் போய்விடும்.

நாகர்கோவில் லேத் பட்டறையில் ரீபோர் செய்வதோ (தேய்ந்த சிலிண்டரின் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) பொறுமை கேட்கும் வேலை. முதலில் 0.25 அல்லது 0.50 மி.மீ. பெரிய பிஸ்டனை வாங்கி, அதை அளந்தே 50 மி.மீ. துளையைக் கடையச் சொல்ல வேண்டும். டூ-ஸ்ட்ரோக் என்பதால், வாயு போய்வரும் போர்ட் எனும் திறப்புகள் சிலிண்டர் சுவரிலேயே இருக்கும்; கடைந்தபின் அவற்றின் விளிம்புகளை மழுக்காமல் விட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அதில் சிக்கி உடையும். (குளச்சல் போன்ற கடலோர ஊர்களில், கழற்றிய சிலிண்டருக்கு அன்றே எண்ணெய் பூசிவிடுவது நல்லது, உப்புக்காற்று காத்திருக்காது.) முன்பே 1 மி.மீ. வரை கடைந்துவிட்ட சிலிண்டரென்றால் கிட்தான் வழி. இல்லையேல் என் தேர்வு ரீபோரே.