கிரெனாஷா, கபெர்னேயா? கொழும்பு வெக்கைக்கு எந்தச் சிவப்பு வைன்

போன டிசம்பரில் எங்கள் 25ஆவது திருமண நாளுக்கு வீட்டில் 8 பேருக்கு இராச் சாப்பாடு. 750 மில்லிலீட்டர் போத்தலில் 5 கிளாஸ் வரும். ஆளுக்கு 2 கிளாஸ், கைகாவலாகக் கொஞ்சம் என்று 4 போத்தல் வாங்கினேன். இரண்டு போத்தல் கபெர்னே, மெர்லோ என்ற இரண்டு திராட்சைகள் கலந்த கபெர்னே-மெர்லோ, மற்ற இரண்டும் கிரெனாஷ், ஷிராஸ், மூர்வேத்ர் என்ற மூன்று திராட்சைகளும் சேர்ந்தது, சுருக்கமாக ஜி.எஸ்.எம். எல்லாம் அவுஸ்திரேலியாவில் செய்தவை, விலையும் ஏறக்குறைய ஒன்றே. அன்றிலிருந்து ஜி.எஸ்.எம். மட்டும்தான் வாங்குகிறேன்.

கலவை என்றதும் மட்டமான சரக்கு என்று நினைக்க வேண்டாம். பிரான்ஸின் போர்தோ பகுதியின் பேர்பெற்ற சிவப்பு வைன்கள் பெரும்பாலும் கலவைகள்தான். கபெர்னே சோவிஞோன் சின்னப் பழம், தடித்த தோல். துவர்ப்பும் கட்டும் அதிலிருந்து வரும். மெர்லோ அதை மென்மையாக்கும். ஜி.எஸ்.எம். பிரான்ஸின் தெற்கு ரோன் பள்ளத்தாக்கு வழி. கிரெனாஷ் பழச்சுவை தரும், ஷிராஸ் நிறமும் மிளகு வாசமும் தரும், மூர்வேத்ர் கனம் சேர்க்கும். பிரெஞ்சுப் போத்தல்தான் வேண்டும் என்றால் கோத் து ரோன் என்ற பெயரைத் தேடுங்கள். லேபலின் முன்பக்கத்தில் திராட்சையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. அவுஸ்திரேலியப் போத்தலில் அளவு கூடிய திராட்சையின் பெயர்தான் முதலில் வரும். ஆகவே கிரெனாஷ் முதலில் நிற்கிறதா என்று பாருங்கள்.

சரி, என் முடிவுக்குக் காரணம் வெப்பநிலை. சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்பார்கள். அது 16, 18 பாகையில் இருந்த ஐரோப்பிய வீடுகளுக்குச் சொன்னது. வெள்ளவத்தையில் எங்கள் சாப்பாட்டு அறை இரவு 8 மணிக்கும் 29 பாகை. அந்தச் சூட்டில் ஊற்றினால் பழவாசம் வருமுன் அல்கஹோல் நெடி மூக்கில் ஏறும். எனவே பிரிட்ஜில் வைத்தே ஆக வேண்டும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் குளிர் ஏற ஏற நாக்கில் துவர்ப்பு கூடும். தேநீரின் துவர்ப்பும் இதே வகைதான். கடுஞ்சாயத்தை ஆறவிட்டுக் குடித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

அன்று 4 போத்தலும் காலையிலிருந்தே பிரிட்ஜில் இருந்தன. இரண்டு வகையிலும் ஒவ்வொரு கிளாஸ் ஊற்றி, சமையல் வெப்பமானியை விட்டுப் பார்த்தேன்: 9 பாகை. கபெர்னே-மெர்லோவை வாயில் வைத்த என் மனைவியின் தம்பி, “அத்தான், பாக்குக் கடிச்ச மாதிரி நாக்கை இழுக்குது” என்றான். அதே குளிரில் ஜி.எஸ்.எம். வாசம் குறைந்து அடங்கியிருந்ததே தவிர, நாக்கை இழுக்கவில்லை. கிரெனாஷுக்குத் தோல் மெல்லியது, துவர்ப்பும் குறைவு. கால் மணி நேரத்தில், 13 பாகை வாக்கில், ஸ்ட்ராபெரியும் மிளகுமாக மணக்கத் தொடங்கியது. கபெர்னே இளகுவதற்கு 17 பாகை ஆக வேண்டியிருந்தது. அதற்குள் பாதிப் பேர் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். 22ஐத் தாண்டியதும் அதில் நெடி வந்துவிட்டது. நல்லாயிருந்த நேரம் அவ்வளவு குறுகியது. ஏசியும் வைன் அலமாரியும் உள்ள வீட்டில் இந்தக் கதையே வேறு. அங்கே கபெர்னே-மெர்லோவை நான் மறுக்க மாட்டேன்.

வாங்கும் இடமும் சூட்டோடு சேர்ந்த விஷயம்தான். ஒருமுறை ஒரு கடையிலிருந்து கொண்டுவந்த போர்தோவில், தக்கை போத்தல் வாய்க்கு மேலே 2 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. உறையைக் கிழித்தால் உள்ளே பிசுபிசுவென்று சிவப்புக் கறை. குடித்தால் அவித்த பழ ஜாம். எங்கோ வெயிலில் கிடந்த போத்தல் அது. திருகு மூடியுள்ள வைனும் சூட்டில் கெடும், ஆனால் வெளியே அடையாளம் தெரியாது. குளிரூட்டிய கடையில், கிட்டிய ஆண்டுப் போத்தலாகப் பார்த்து எடுங்கள்.

ஜி.எஸ்.எம்.மில் குறையும் உண்டு. அல்கஹோல் பெரும்பாலும் 14, 14.5 சதவீதம். உறைப்பான நண்டுக் கறியோடு குடித்தால் வாய் எரியும். அதற்கு இந்த இரண்டுமே வேண்டாம். புரியாணி, ரோஸ்ட் கோழி, தூள் குறைத்த ஆட்டிறைச்சிப் பிரட்டல் என்றால் அருமை.

சிலியின் கபெர்னே-கார்மெனேர் கலவையில் நான் இதுவரை திறந்தது மூன்று போத்தல்தான், அதனால் உறுதியாகச் சொல்லமாட்டேன். பச்சை மிளகாய் போன்ற ஒரு வாசம் எனக்குப் பிடித்தது. சிலியில் பல காலம் மெர்லோ என்று வளர்த்த கொடிகளில் பெரும்பகுதி கார்மெனேர்தான் என்று 1994இல் கண்டுபிடித்தவர் ஜான்-மிஷெல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர்.

இன்னொன்று, திறந்த போத்தல் தாக்குப்பிடிப்பதில் கபெர்னே கலவைதான் கெட்டி. கிரெனாஷ் காற்றுப்பட்டால் சீக்கிரம் சப்பென்று ஆகிவிடும். எங்கள் வீட்டில் குடிப்பது நானும் மனைவியும் மட்டும், எனவே மூடி பிரிட்ஜில் வைத்து இரண்டாம் நாள் இரவே முடிக்கப் பார்க்கிறோம். மூன்றாம் நாளுக்கு அரைக் கிளாஸ் மிஞ்சினால் ஆட்டிறைச்சியை அதில் ஊறவைத்துவிடுவேன்.